கயிறு கட்டிய பையன்: கட்டுரைத் தாளில் நாம் வளர்த்த ஒரு கதை

எஸ்.பி.எம். தமிழ்மொழிக் கட்டுரை திருத்தும் ஆசிரியர்கள் எல்லாருக்கும் இந்தப் பையனைத் தெரியும். 'தேவையே கண்டுபிடிப்பின் தாய்' என்று தலைப்பு வந்தாலும் சரி, 'சிறுவயதில் சாதித்தவர்கள்' என்று வந்தாலும் சரி, 'தொழில்நுட்பம் மனிதனைச் சோம்பேறியாக்குகிறதா?' என்று வாதக் கட்டுரை கேட்டாலும் சரி, மூன்றாவது பத்தியில் தவறாமல் வந்து நின்றுவிடுவான். பெயர் ஹம்ப்ரி பாட்டர். சில தாள்களில் ஹம்ப்ரே, சிலவற்றில் வெறும் 'ஓர் ஏழைச் சிறுவன்'.

கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். இங்கிலாந்தில் அந்தக் காலத்து நீராவி இயந்திரம். அதன் வால்வுகளைத் திறந்து மூட ஒரு பையனை வேலைக்கு வைத்திருக்கிறார்கள். பையனுக்கோ வெளியே போய்க் கூட்டாளிகளோடு விளையாட ஆசை. வால்வின் கைப்பிடியில் ஒரு கயிற்றைக் கட்டி, மறுமுனையை மேலும் கீழும் ஆடுகிற உத்தரத்தில் கட்டிவிடுகிறான். இயந்திரம் தன்னாலேயே ஓடுகிறது. முன்பைவிட வேகமாகவும் ஓடுகிறது. முதலாளி வந்து பார்க்கிறார், வியக்கிறார், பரிசு தருகிறார். சோம்பலும் சில வேளை நன்மை தரும் என்று முடிக்கும் மாணவர் ஒரு வகை; சிந்தித்தால் எதையும் சாதிக்கலாம் என்று முடிக்கும் மாணவர் இன்னொரு வகை. இரண்டு வகைக்கும் நான் புள்ளி கொடுத்திருக்கிறேன்.

புள்ளி கொடுக்காத ஒரு தாள் உண்டு. பள்ளித் தேர்வு ஒன்றில் ஐந்தாம் படிவ மாணவர் ஒருவர் இந்தக் கதையை எழுதிவிட்டு, அடுத்த வரியிலேயே 'ஆனால் இது இப்படி நடந்திருக்க முடியாது' என்று எழுதியிருந்தார். நான் சிவப்பு மையால் வட்டம் போட்டு, 'கருத்து முரண்' என்று குறித்து, இரண்டு புள்ளி குறைத்தேன். தாள் திரும்பக் கிடைத்ததும் மேசைக்கு வந்தார்.

"சார், கயிறு இழுக்கும். தள்ளாது. கயிறு கட்டி வால்வைத் திறந்தாரு, சரி. அதை மூடினது யாரு?"

அவருடைய அப்பா குளுவாங் பக்கம் செம்பனை ஆலையில் ஸ்டீம் டிரைவர். வால்வு என்றால் என்ன என்று அந்தப் பிள்ளைக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். என்னிடம் அப்போது பதில் இல்லை. பதில் தேடிப் போனதில் தெரிந்தது, பிழை மாணவருடைய தாளில் இல்லை. நாம் காலங்காலமாகப் பயிற்சி நூலுக்குப் பயிற்சி நூல் படியெடுத்துவரும் கதையில் இருக்கிறது. ஆகவே ஒரு கவிதையையோ நாவலையோ எடுத்துத் திறனாய்வு செய்வதுபோல இந்தக் கதையை எடுத்துக்கொள்கிறேன். யார் சொன்னது, எப்போது சொன்னது, எதைச் சேர்த்தார்கள், எதை விட்டார்கள் என்று பார்ப்போம்.

முதலில் இயந்திரம். தென்மேற்கு இங்கிலாந்தில் டார்ட்மத் என்னும் ஊரில் இரும்புச் சாமான் வணிகம் செய்துவந்தவர் தாமஸ் நியூகோமன். அவரும் ஜான் காலி என்ற கூட்டாளியும் 1712-இல் டட்லி கோட்டைக்கு அருகே ஒரு நிலக்கரிச் சுரங்கத்தில் நீர் இறைக்கும் இயந்திரத்தை நிறுவினார்கள். உருளையின் விட்டம் 21 அங்குலம். நிமிடத்துக்கு 12 வீச்சு. ஒவ்வொரு வீச்சுக்கும் 10 கேலன் நீரை 153 அடி ஆழத்திலிருந்து மேலே ஏற்றியது. கணக்குப் போட்டால் ஏறத்தாழ ஐந்தரைக் குதிரைத்திறன். இன்றைய சிறிய மோட்டார் சைக்கிளின் இஞ்சின்கூட இதைவிடப் பலசாலி. ஆனால் அன்றைக்கு அது பெரிய விஷயம்.

வேலை செய்யும் முறை எளிது. கொதிகலனிலிருந்து நீராவி உருளைக்குள் வருகிறது. உத்தரத்தின் மறுபக்கம் தொங்கும் பம்புத் தண்டின் எடை கீழே இழுக்க, இந்தப் பக்கம் உந்துதண்டு மேலே எழுகிறது. நீராவி வால்வை மூடவேண்டும். பிறகு குளிர்நீர்க் குழாயைத் திறக்கவேண்டும். குளிர்நீர் பீய்ச்சியதும் நீராவி சுருங்கித் தண்ணீராகிறது. உருளைக்குள் ஏறக்குறைய வெற்றிடம். வெளியே இருக்கும் காற்றின் அழுத்தம் உந்துதண்டைக் கீழே தள்ளுகிறது. மறுபக்கம் பம்பு நீரை ஏற்றுகிறது. குளிர்நீரை மூடி, மறுபடியும் நீராவியைத் திறக்கவேண்டும்.

ஒரு வீச்சுக்கு நான்கு செயல். நிமிடத்துக்கு 12 வீச்சு என்றால் 48 செயல். மணிக்கு 2,880. இதை ஒரு பையன் கையால் செய்துகொண்டு உட்கார்ந்திருந்தான் என்று எழுதும்போது நாம் ஒருமுறையாவது இந்தப் பெருக்கலைப் போட்டுப் பார்த்திருக்கவேண்டும். நான் போட்டதே இல்லை. ஐந்து விநாடிக்குள் நான்கு கைவேலை. ஒன்று பிந்தினால் உந்துதண்டு அடியில் போய் மோதும், ஒன்று முந்தினால் நீராவி வீணாகும். தொடக்கத்தில் இயந்திரத்தைக் கிளப்பும்போது கையால் ஓட்டலாம். நாள் முழுக்க ஓட்டமுடியுமா என்பதுதான் கேள்வி.

இப்போது கதை சொன்னவர்களைப் பார்ப்போம். நாம் எழுதும் வடிவத்துக்கு மிக நெருக்கமானது ஆடம் ஸ்மித்தின் வடிவம். 1776-இல் வெளிவந்த 'நாடுகளின் செல்வம்' நூலின் முதல் இயலில், வேலைப் பகுப்பைப் பற்றிப் பேசும்போது இதைச் சொல்கிறார். ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்கிறவனுடைய கவனம் அந்த ஒன்றிலேயே குவிவதால், அதை எளிதாக்கும் வழி அவனுக்கே தோன்றும் என்பது அவருடைய வாதம். அதற்குச் சான்றாகத்தான் பையன் வருகிறான். விளையாட்டு ஆசை இங்கே இருக்கிறது, கயிறு இருக்கிறது. பையனுக்குப் பெயர் இல்லை. சோம்பேறி என்றும் ஸ்மித் சொல்லவில்லை. தன் உழைப்பை மிச்சப்படுத்திக்கொள்ள விரும்பியவன் என்றுதான் சொல்கிறார். இரண்டும் ஒன்றல்ல என்று தமிழாசிரியர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

பெயர் எங்கிருந்து வந்தது? ஸ்மித்துக்கு 32 ஆண்டுகளுக்கு முன்பு, 1744-இல், ஜான் தியோஃபிலஸ் டெசாகுலியே என்ற அறிஞர் தம் பரிசோதனை இயற்பியல் நூலின் இரண்டாம் தொகுதியில் நீராவி இயந்திரத்தைப் பற்றி எழுதினார். ஹம்ப்ரி பாட்டர் என்ற பையன் அங்கேதான் வருகிறான். ஆனால் அங்கே அவன் விளையாடப் போகவில்லை! டெசாகுலியே சொல்லும் செய்தி வேறு. அதற்கு முன்பு இயந்திரத்தில் ஒரு மிதவை இருந்தது. நீராவி வலுப்பெற்றதும் அந்த மிதவை எழும்பி, குளிர்நீர்க் குழாயைத் திறந்துவிடும். அப்படி ஓடும்போது நிமிடத்துக்கு 6, 8, அல்லது 10 வீச்சுதான் கிடைத்தது. பாட்டர் என்ற பையன் உத்தரமே தட்டித் திறக்கும்படி ஒரு கொக்கியைச் சேர்த்தான். அதற்கு 'ஸ்கோகன்' என்று பெயர் வைத்தான். வீச்சு 15, 16 ஆக உயர்ந்தது. கொக்கியும் கயிறுமாகச் சிக்கலாக இருந்ததை 1718-இல் ஹென்றி பெய்ட்டன் நியூகாசிலில் கட்டிய இயந்திரத்தில் நீக்கிவிட்டு, எல்லாவற்றையும் உத்தரத்தைக் கொண்டே செய்யவைத்தார். டெசாகுலியே சொன்னது அவ்வளவுதான்.

இதை நிதானமாகப் படித்துப் பாருங்கள். பையன் வருவதற்கு முன்பே குளிர்நீர்க் குழாயைத் திறக்கும் வேலையை மிதவை பார்த்துக்கொண்டது. கைவேலையிலிருந்து தானியங்கிக்கு என்பது நம் கதை. ஒரு தானியங்கி முறையிலிருந்து அதைவிட நல்ல தானியங்கி முறைக்கு என்பது டெசாகுலியே சொல்வது. மிதவை முறையில் ஒவ்வொரு வீச்சுக்கும் நீராவி வலுப்பெறும் வரை இயந்திரம் காத்திருக்கவேண்டும். பாட்டரின் கொக்கி அந்தக் காத்திருப்பை நீக்கியது. உத்தரம் உச்சிக்கு வந்த நொடியே கொக்கி விடுபடும், குளிர்நீர் பாயும். நோக்கம் ஓய்வு அல்ல, வேகம். இயந்திரத்தை நன்றாகப் புரிந்தவர்தான் இதை யோசிக்கமுடியும்.

ஆங்கிலத்தில் மிதவைக்கு 'பொய்', பையனுக்கு 'பாய்'. அந்தக் காலத்து எழுத்தில் இரண்டும் ஒன்றோடொன்று எளிதில் மயங்கும். டெசாகுலியேயின் ஒரே வாக்கியத்தில் இரண்டும் வருகின்றன. மிதவை செய்த வேலையைப் பையன் செய்ததாக யாரோ மாற்றிப் படித்திருக்கலாம் என்று கருதுகிறவர்கள் உண்டு. ஸ்மித்தின் நூலை 1904-இல் பதிப்பித்த எட்வின் கேனன், இந்தக் கதை பெரும்பாலும் கட்டுக்கதை, டெசாகுலியேயைத் தவறாகப் படித்ததிலிருந்து வளர்ந்திருக்கவேண்டும் என்று அடிக்குறிப்பே போட்டுவிட்டார். நூறாண்டுக்கும் மேலாகிறது. தமிழில் வந்ததும் இந்த மயக்கத்துக்கான தடயமே போய்விட்டது. 'மிதவை'யையும் 'சிறுவ'னையும் யார் குழப்பிக்கொள்ள முடியும்? மொழிபெயர்ப்பு சில நேரம் பிழையைத் திருத்தும், சில நேரம் பிழையின் கால்தடத்தை அழித்துவிடும். இது இரண்டாவது வகை.

'ஸ்கோகன்' என்ற சொல்லுக்குப் பிற்காலத்து நூல்கள் 'வேலைக்கு ஒளித்துத் திரிவது' என்ற வட்டார வழக்கைப் பொருளாகச் சொல்லி, அதையே சோம்பலுக்குச் சான்றாக்கிக்கொண்டன. 1713 என்று ஒரு ஆண்டும் வந்து ஒட்டிக்கொண்டது. ஆனால் 1719-இல் தாமஸ் பார்னி வரைந்து வெளியிட்ட டட்லி கோட்டை இயந்திரப் படத்தைப் பாருங்கள். வால்வுகளைத் தானாகத் திறந்து மூடும் அமைப்பு முழுதாக அதில் இருக்கிறது. ஸ்கோகன் என்பது இயந்திரத்தின் ஓர் உறுப்பாகவே குறிக்கப்பட்டிருக்கிறது. 

ஆக, பெயர் டெசாகுலியேயிடமிருந்து, விளையாட்டு ஸ்மித்திடமிருந்து, ஆண்டு பிற்காலத்து நூல்களிலிருந்து. சோம்பலும் முதலாளியின் பரிசும் டெசாகுலியேயிடமும் இல்லை, ஸ்மித்திடமும் இல்லை. அவை நம்மைப்போலக் கதையை மறுபடி மறுபடி சொன்னவர்கள் போட்ட ஒட்டு. நான் பார்த்த ஒரு பயிற்சி நூலில் முதலாளி தங்கக் காசே கொடுக்கிறார்.

இனி மாணவருடைய கேள்விக்கு வருவோம். வால்வை மூடியது யார்?

அன்றைய இயந்திரத்தில் உத்தரத்திலிருந்து நீளமான மரத்தண்டு ஒன்று தொங்கும். உத்தரம் ஏறினால் ஏறும், இறங்கினால் இறங்கும். அதில் முளைகள் அடித்திருப்பார்கள். தண்டு போகும் வழியில் முளைகள் நெம்புகோல்களைத் தட்டும். நீராவி வால்வை இயக்குவது ஆங்கில 'ஒய்' எழுத்துப்போன்ற ஒரு நெம்புகோல். அதன் தலையில் கனமான குண்டு. முளை தட்டத் தட்டக் குண்டு மெல்ல நிமிரும். செங்குத்தைத் தாண்டிய கணத்தில் தன் எடையாலேயே மறுபக்கம் சரிந்து விழும். விழுகிற வேகத்தில் வால்வை ஒரே உதையாகத் திறந்துவிடும். உத்தரம் திரும்பி வரும்போது இன்னொரு முளை குண்டை எதிர்ப்பக்கம் நிமிர்த்தும், மறுபடியும் விழும், வால்வு மூடிக்கொள்ளும். 

வீட்டுச் சுவரில் இருக்கும் சுவிட்சை மெதுவாக, மிக மெதுவாக அழுத்திப் பாருங்க. பாதி வழியில் உங்கள் விரல் சொல்வதைக் கேட்காமல் 'டக்'கென்று தானே விழும். அதேதான். வகுப்பில் இதைச் செய்துகாட்டினால் முழு விளக்கமும் ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும்.

இந்த 'டக்' ஏன் வேண்டும்? உத்தரத்தோடு கயிற்றை நேரடியாகக் கட்டினால், உத்தரம் நகரும் அளவுக்குத்தான் வால்வும் நகரும். உத்தரம் வீச்சின் முனையில் மெதுவாக நின்று திரும்புவது; வால்வும் அங்கே மெதுவாகவே திறக்கும். அரைகுறையாகத் திறந்த நீராவியும் அரைகுறையாகத் திறந்த குளிர்நீரும் ஒரே நேரத்தில் உருளைக்குள் வந்தால் ஒன்றையொன்று தின்றுவிடும். தவிர, மாணவர் சொன்னதுபோலக் கயிறு தள்ளாது. இழுத்ததைத் திரும்பக் கொண்டுவர ஓர் எடையோ இன்னொரு கயிறோ வேண்டும். ஆகவே உத்தரம் வால்வைத் திறப்பதில்லை; உத்தரம் குண்டைத் தூக்கி வைக்கிறது, குண்டுதான் வால்வைத் திறக்கிறது. ஓர் இயக்கத்தின் ஆற்றலைச் சேமித்து வைத்து, சரியான நொடியில் விடுவிப்பது. இந்த ஒரு யோசனையை விட்டுவிட்டுக் கயிற்றை மட்டும் எழுதினால், கண்டுபிடிப்பை விட்டுவிட்டு மூட்டையைக் கட்டிய கயிற்றைக் காட்டுவதாகிவிடும்.

இன்னொரு வால்வும் இருந்தது. எந்தக் கட்டுரையிலும் அது வராது. தண்ணீரில் கரைந்திருக்கும் காற்று ஒவ்வொரு வீச்சிலும் கொஞ்சம் கொஞ்சமாக உருளையில் தங்கிவிடும். சில நிமிடங்களில் இயந்திரமே மூச்சடைத்து நின்றுபோகும். அதை வெளியே விடுவதற்கு ஒருவழி வால்வு வைத்தார்கள். நீராவி உள்ளே வரும்போது காற்று அதைத் தள்ளிக்கொண்டு வெளியேறும். வெற்றிடம் ஆனதும் வெளிக்காற்றின் அழுத்தமே அதை மூடும். முளையும் வேண்டாம், கொக்கியும் வேண்டாம். சளிப் பிடித்தவர் மூக்கை உறிஞ்சுவதுபோல அது சத்தம் போடும் என்பதால் அந்தச் சத்தத்தின் பெயரையே அதற்கு வைத்துவிட்டார்கள். உண்மையிலேயே தானாக இயங்கும் வால்வு என்றால் இதைத்தான் முதலில் சொல்லவேண்டும்.

இடையில் ஒரு சொல் பிரச்சினை. 'வால்வு' என்று எழுதினால் புள்ளி குறைக்கும் நண்பர்கள் உண்டு. 'தடுக்கிதழ்', 'அடைப்பிதழ்', 'ஓரதர்' என்று கலைச்சொற்கள் உள்ளன, நல்ல சொற்கள்தான். ஆனால் நூலுக்கு நூல் மாறும் சொல்லை மனனம் செய்யச் சொல்லி, ஆலையில் அப்பா தினமும் சொல்லும் சொல்லைப் பிழை என்பது எனக்குச் சரியாகப் படவில்லை. முதல் முறை கலைச்சொல்லோடு சேர்த்து எழுதிவிட்டு, பிறகு வால்வு என்றே எழுதட்டும்.

இப்போது எனக்கு உண்மையிலேயே உறுத்தும் இடம். டெசாகுலியே அதே நூலில் நியூகோமனைப் பற்றியும் காலியைப் பற்றியும் என்ன சொல்கிறார் தெரியுமா? இவர்கள் காரணம் அறிந்த தத்துவ அறிஞர்களும் இல்லை, கணக்குப் போடத் தெரிந்தவர்களும் இல்லை. தேடியது தற்செயலாகக் கையில் கிடைத்தது என்கிறார். தாமே இங்கிலாந்தின் அறிவியல் கழகத்தில் சோதனைகள் செய்து காட்டியவர். கண்ணாடி பொருத்துபவரையும் இரும்பு வணிகரையும் எந்த இடத்தில் வைத்துப் பார்த்தார் என்பது தெரிகிறது. ஆனால் நியூகாசிலில் இந்த இயந்திரங்களோடு நேரில் வேலை செய்த ஸ்வீடன் நாட்டவர் மார்ட்டன் ட்ரீவால்ட் 1734-இல் எழுதியபோது, நியூகோமன் பத்து ஆண்டு இதில் தொடர்ந்து உழைத்தார் என்று பதிவு செய்கிறார். அவரும் கடைசியில் கடவுள் அருளிய ஒரு தற்செயலைச் சொல்லாமல் இல்லை. பத்தாண்டு உழைத்தவனுக்குத்தான் அந்தத் தற்செயல் என்ன சொல்கிறது என்று புரியும் என்பதை யாரும் எழுதுவதில்லை.

படித்தவன் கண்டுபிடித்தால் அறிவு. கைவேலைக்காரன் கண்டுபிடித்தால் அதிர்ஷ்டம். வேலைக்காரப் பையன் கண்டுபிடித்தால் சோம்பல். பாட்டர் என்ற பெயரில் இயந்திரம் நிறுவும் தொழிலில் இருந்தவர்கள் அக்காலத்தில் உண்டு. ஐசக் பாட்டர் என்பவர் 1720-களில் இன்றைய ஸ்லோவாக்கியாவில் உள்ள நோவா பான்யா சுரங்கத்துக்குப் போய் நியூகோமன் இயந்திரம் நிறுவியவர். ஹம்ப்ரியும் அப்படித் தொழில் தெரிந்த ஓர் இளைஞராக இருந்திருக்கலாம் என்று வரலாற்றாசிரியர் சிலர் கருதுவது எனக்கு நியாயமாகப் படுகிறது. தோட்டத்துப் பிள்ளைகளுக்கும் ஆலைத் தொழிலாளர் பிள்ளைகளுக்கும் பாடம் நடத்துகிற நாம், ஒரு தொழிலாளியின் நுட்பத்தை 'விளையாடப் போக ஆசைப்பட்டான்' என்று சுருக்கிச் சொல்லிக்கொடுக்கிறோம். அந்த வகுப்பில் உட்கார்ந்திருக்கிறவர் ஸ்டீம் டிரைவர் மகன்.

ஆசிரியர் நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னபோது, "கதைதானே, விடுங்க. பிள்ளைங்க ஊக்கம் அடையட்டும்" என்றார். அவர் சொல்வதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. ஸ்மித்தும்கூடத் தொழிலாளியைத் தாழ்த்த இதைச் சொல்லவில்லை. இயந்திரங்களில் பலவற்றைத் திருத்தியவர்கள் சாதாரணத் தொழிலாளிகள் என்று நிறுவத்தான் சொன்னார். கதையைத் தூக்கி எறிந்துவிட்டு அந்த உண்மையையும் சேர்த்துத் தூக்கி எறிந்தால் அது வேறொரு பிழை. ஆனால் அதே உண்மைக்கு வலுவான சான்றுகள் இருக்கும்போது பலவீனமானதை ஏன் பிடித்துக்கொண்டிருக்கவேண்டும்?

1842-இல் நியூகாசிலில் ராபர்ட் ஸ்டீவன்சன் நிறுவனத்தில் வில்லியம் வில்லியம்ஸ், வில்லியம் ஹோவ் என்ற இரண்டு ஊழியர்கள் ரயில் இஞ்சினின் வால்வு இயக்கத்துக்குப் புது அமைப்பு ஒன்றை உருவாக்கினார்கள். முன்னும் பின்னும் ஓட்டவும், நீராவியை எவ்வளவு நேரம் உள்ளே விடுவது என்று மாற்றவும் ஒரே நெம்புகோல் போதும். அதன் பெயர் இன்றும் ஸ்டீவன்சன் வால்வு இயக்கம்தான். இரண்டே ஆண்டில், 1844-இல், பெல்ஜிய அரசு ரயில்வேயில் பட்டறைக் கண்காணிப்பாளராக இருந்த எகிட் வால்ஷார்ட்ஸ் இன்னொன்றை உருவாக்கினார். அவர் பதவிக்காரர்கள் தம் பெயரில் காப்புரிமையால் பயன்பெற விதி இடம் தராததால், ஃபிஷர் என்ற பொறியாளர் பெயரில்தான் அது பதிவானது. பிறகு உலகம் முழுக்க நீராவி ரயில்கள் அதை மாட்டிக்கொண்டு ஓடின. இந்த இரண்டிலும் பெயர் உண்டு, ஆண்டு உண்டு, ஆவணம் உண்டு. அதைவிட முக்கியமாக, உழைத்தது ஒருவர் பெயர் வாங்கியது ஒருவர் என்ற கேள்வி உண்டு. வாதக் கட்டுரை எழுதும் மாணவருக்கு இதைவிட நல்ல சரக்கு வேண்டுமா? உயர்நிலைச் சிந்தனை என்று கருத்தரங்கில் பேசுகிறோம். கேள்வி இங்கேயே கிடக்கிறது.

கெமாஸிலிருந்து ஜொகூர் பாருவுக்கு ரயில்பாதை வந்தது 1909-இல். அந்தத் தலைமுறை நீராவி இஞ்சின்கள் இப்போது காட்சிப்பொருள். ஆனால் நீராவி ஜொகூரை விட்டுப் போகவில்லை. எந்தச் செம்பனை ஆலைக்குள் போனாலும் கொதிகலன் இருக்கும். பழக்குலைகளை வேகவைக்கும் பெரிய உருளையை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் மூன்று வகை வால்வு: நீராவி உள்ளே வர ஒன்று, வெளியேற ஒன்று, அடியில் தேங்கும் நீர் இறங்க ஒன்று. ஏறத்தாழ ஒன்றேகால் முதல் ஒன்றரை மணி நேரம் வேகவைப்பு. அழுத்தம் சுமார் 3 பார் வரை. பல ஆலைகளில் அழுத்தத்தை மூன்று தடவை ஏற்றி, முதல் இரண்டு தடவை இறக்கிவிட்டு, மூன்றாவது தடவை நீண்ட நேரம் நிறுத்துவார்கள். ஏன் இறக்குகிறார்கள்? உள்ளே தங்கியிருக்கும் காற்றை வெளியேற்ற. காற்று தங்கினால் வெப்பம் குலையின் நடுப்பகுதிக்குப் போய்ச் சேராது. பழம் காம்பை விட்டு உதிராது. எண்ணெயின் அமிலத்தன்மை கூடுவதைத் தடுப்பதும் சரியாக நடக்காது. மூன்று நூற்றாண்டுக்கு முன் மூக்கை உறிஞ்சிய வால்வுக்கு இருந்த அதே எதிரி.

முன்பு ஆள் நின்று அழுத்தமானியைப் பார்த்துப் பார்த்துச் சக்கரத்தைத் திருப்புவார். இன்று பெரும்பாலும் கணினிக் கட்டுப்பாடு நேரம் பார்த்துத் திறந்து மூடுகிறது. 'தானியங்கி' என்கிறோம். அந்தச் சொல்லில் உள்ள 'தான்' யார்? எந்த நேரத்தில் எந்த வால்வு, எத்தனை நிமிடம் என்பதை முதலில் கையாலும் காதாலும் கற்றவர்கள் இருந்தார்கள். அவர்கள் கற்றதைத்தான் கணினிக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். கொதிகலன் பொறுப்பை ஏற்க இன்றும் தேர்வெழுதிச் சான்றிதழ் வாங்கிய ஆள்தான் வேண்டும்.

மாணவர்களுக்குத் தேர்வு நோக்கில் இரண்டு வார்த்தை. இந்தக் கதையை எழுதவே கூடாது என்று நான் சொல்லவில்லை. 'என்று ஒரு கதை உண்டு', 'என்று ஆடம் ஸ்மித் குறிப்பிடுகிறார்' என்று எழுதினால் போதும். அது தவறாகாது, யாரும் புள்ளி குறைக்கமுடியாது. தன்கதை எழுதச் சொன்னால், 'நான் ஒரு நியூகோமன் இயந்திரத்தின் குண்டு' என்று எழுதிப்பாருங்கள். பேனா, குடை, நாற்காலி என்று படித்து அலுத்துப்போன திருத்துநர் நிமிர்ந்து உட்காருவார். அதைவிட நல்லது, வீட்டில் கேட்டு எழுதுவது. அப்பாவோ தாத்தாவோ அத்தையோ வேலையிடத்தில் எதையாவது மாற்றிச் செய்திருப்பார்கள்: வாளித் தூக்கில் ஒரு திருத்தம், கத்திப் பிடியில் ஒரு துணிச்சுற்று, தையல் இயந்திர மிதிபலகையில் ஒரு கட்டை. ஏன் மாற்றினீர்கள், முன்பு எப்படி இருந்தது, மாற்றியபின் எவ்வளவு கூடியது, யாராவது பாராட்டினார்களா, திட்டினார்களா என்று கேளுங்கள். ஸ்மித் கேட்காமல் விட்டதெல்லாம் இந்தக் கேள்விகள்தான்.

திருத்தும் ஆசிரியர்களுக்கு: மாணவர் ஒரு பிரபலமான சான்றை மறுத்து எழுதினால், உடனே 'கருத்து முரண்' என்று போடாமல், மறுப்புக்குக் காரணம் தந்திருக்கிறாரா என்று பாருங்கள். காரணம் இருந்தால் அது முரண் அல்ல.

அந்தத் தாளை மறுபடி வாங்கி இரண்டு புள்ளியையும் திரும்பப் போட்டுக் கொடுத்தேன். குண்டு, முளை, கொக்கி எல்லாம் வெண்பலகையில் வரைந்தும் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "எங்க அப்பாகிட்ட இதக் காட்டணும் சார்" என்று கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டார். மறுநாள் அப்பாவின் பதிலோடு வந்தார். குண்டு விழும் பக்கத்தை நான் மாற்றி வரைந்திருந்தேனாம்.